வெர்சாயா, ஷோன்புரூனா: மாணவர் பர்ஸுக்கு எது?

ஜெர்மனிக்குப் படிக்க வரும் ஜூனியர்கள் முதல் செமஸ்டர் முடியும்போது தவறாமல் கேட்கிற கேள்வி: "அக்கா, பாரிஸ் போய் வெர்சாய் பார்க்கவா, வியன்னா போய் ஷோன்புரூன் பார்க்கவா? ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு."

இரண்டுமே பெரிய தோட்டத்தோடு கூடிய ராஜ அரண்மனைகள். இரண்டையும் நான்கு மாத இடைவெளியில் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வெர்சாய்க்குப் போனால் தோட்டத்துக்காகப் போங்கள். ஷோன்புரூனுக்குப் போனால் வீட்டுக்குள் போங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் திரும்பி வந்து புலம்புகிறார்கள்.

முதலில் காசு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெர்சாய் அரண்மனை இலவசம். இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் குடியிருப்பு அட்டை இருந்தால் போதும். இலவசம்தானே என்று நேராகப் போய் நிற்க முடியாது, நேரம் குறித்த ஸ்லாட் எடுத்திருக்க வேண்டும். நான் ஸ்லாட்டை எடுத்துவிட்டு அட்டையை ஹாஸ்டல் லாக்கரில் வைத்துவிட்டேன்! ரயிலில் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்து வருவதற்குள் 10 மணி ஸ்லாட் போச்சு. போனிலேயே பிற்பகல் ஸ்லாட் ஒன்றைப் பிடித்தேன். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷோன்புரூனில் கணக்கு வேறு. தோட்டம் வருடம் முழுக்க இலவசம், அரண்மனைக்குத்தான் காசு. மாணவர் சலுகை உண்டு, அட்டையைக் காட்ட வேண்டும். வியன்னா மெட்ரோவின் யு4 பாதையில் ஷோன்புரூன் என்றே ஒரு நிலையம் இருப்பதால் வழி தேடும் வேலையும் இல்லை. வெர்சாய்க்கு பாரிஸின் புறநகர் ரயிலான ஆர்.ஈ.ஆர் சி-யில் கடைசி நிறுத்தம் வரை போய், அப்புறம் பத்து நிமிடம் போல நடக்க வேண்டும்.

சரி, வெர்சாய் வீட்டுக்குள் என்ன குறை? குறை என்று சொல்ல முடியாது, கூட்டம்தான். கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம். 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள். கண்ணாடித் தொழில் வெனிஸ்காரர்கள் கையில் இருந்த காலத்தில், எங்களுக்கும் செய்யத் தெரியும் என்று பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி உலகத்துக்குக் காட்டிய காட்சி இது. 1871இல் ஜெர்மன் பேரரசை அறிவித்ததும், 1919இல் முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வைத்ததும் இதே மண்டபத்தில். இவ்வளவையும் மனதில் ஓட்டிக்கொண்டே உள்ளே போனேன். கண்ணாடியில் தெரிந்தது முழுக்கத் தூக்கிப் பிடித்த கைகளும் போன்களும்தான். அண்ணாந்து கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே கூட்டம் தள்ளின பக்கம் நகர்ந்தேன்.

தோட்டத்தில் கதையே மாறிவிடும். ஆந்த்ரே லெ நோத்ர் வகுத்த தோட்டம் அது. லத்தோனா நீரூற்றுக்கு மேலே படிக்கட்டில் நின்று பார்த்தால் பெரிய கால்வாய் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நடந்து பாருங்கள், போய்க்கொண்டே இருக்கும். கால்வாய் மட்டுமே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். நீரூற்றுகளுக்குத் தண்ணீர் காணாமல், சேன் ஆற்றில் 14 பெரிய சக்கரங்களை ஓடவிட்டு ஆற்றுத் தண்ணீரை 150 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு ஏற்றினார்கள். அதுவும் பற்றவில்லை. அதனால் ராஜா எந்தப் பக்கம் வருகிறார் என்று ஆட்கள் விசிலடித்துச் சொல்ல, அவர் கண்ணில் படும் நீரூற்றை மட்டும் திறந்துவிடுவார்களாம். குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்து வளர்ந்த எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கோடையில் நீரூற்று ஓடும் நாட்களில் தோட்டத்துக்கும் தனி டிக்கெட் உண்டு. முணுமுணுக்காமல் வாங்குங்கள். தண்ணீர் இல்லாத லத்தோனா வெறும் தவளைச் சிலைக் கூட்டம்தான்.

ஷோன்புரூன் தோட்டத்தை இதோடு போட்டிக்கு வைத்தால் தோற்றுவிடும். மோசம் என்று அர்த்தமில்லை. காலை ஏழு மணிக்குப் போனேன், அக்கம்பக்கத்துக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரில் பெரிய பூங்காவில் வாக்கிங் போவது போலத்தான். குன்றின்மேல் 1775இல் கட்டிய குளோரியெட் மண்டபம் வரை ஏறினால் மஞ்சள் அரண்மனையும் பின்னால் வியன்னாவும் தெரியும். வெர்சாயையே மிஞ்சும் ஓர் அரண்மனையை இந்தக் குன்றின் உச்சியில் கட்டத்தான் கட்டடக் கலைஞர் ஃபிஷர் ஃபான் எர்லாக் முதலில் படம் போட்டார். அது காகிதத்தோடு நின்றது. எனக்கென்னவோ நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

ஏனென்றால் கீழே கட்டிய வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தது தெரிகிறது. 1,441 அறைகளில் நமக்குக் காட்டுவது நாற்பது போல. அதில் ஃபிரான்ஸ் யோசஃப்பின் படுக்கையறை முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஆஸ்திரியாவை 68 வருடம் ஆண்ட பேரரசருக்கு ஓர் இரும்புக் கட்டில், என் ஹாஸ்டல் கட்டிலுக்கு அண்ணன் மாதிரி. இந்த அரண்மனையில் 1830இல் பிறந்தவர், 1916இல் உயிர்விட்டதும் இங்கேதான். இங்கும் ஒரு கண்ணாடி அறை உண்டு, வெர்சாய் மண்டபத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். 1762இல் ஆறு வயது மொசார்ட் ஷோன்புரூனில் வாசித்துவிட்டு, அப்போது ஆண்ட பேரரசி மரியா தெரசாவின் மடியில் தாவி ஏறி முத்தம் கொடுத்தான். அந்தக் கச்சேரி நடந்தது இந்த அறையில் என்கிறார்கள். இந்த அளவு அறையில் அதைக் கற்பனை செய்ய முடிகிறது.

ஆக, ஒன்றுக்குத்தான் காசு என்றால்? கோடையில் நீரூற்று நாள் கிடைத்தால் வெர்சாய். குளிர்காலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஷோன்புரூன்.

என்றைக்காவது இரண்டுக்கும் வாய்த்தால் வியன்னாவை முதலில் வையுங்கள். நான் மாற்றிச் செய்துவிட்டேன். மரியா தெரசாவின் பதினாறு பிள்ளைகளில் பதினைந்தாவது மரி அன்டோனெட். கோடைக்காலங்களை ஷோன்புரூனில் ஓடியாடிக் கழித்துவிட்டு 1770இல், 14 வயதில், பிரான்சுக்குக் கல்யாணமாகிப் போனாள். வெர்சாய் தோட்டத்தின் கோடியில் அவள் கட்டிக்கொண்ட சின்னக் கிராமம் இருக்கிறது: குளம், ஆலை வீடு, பால்பண்ணை. முதலில் பார்த்தபோது பணக்காரப் பெண்ணின் பொம்மை விளையாட்டு என்று ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிட்டேன். அவள் வளர்ந்த வீட்டைப் பார்த்த பிறகு, அந்தக் குளக்கரையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்று இருந்தது.