அமெரிக்காவா, ஜெர்மனியா: வேலூர் வீட்டுக் கணக்கில் ஓர் ஒப்பீடு

பி.இ. கடைசி வருடம் வந்ததும் எங்கள் பக்கம் இரண்டு பேச்சு கிளம்பிவிடும். ஒன்று கேம்பஸ் வேலை, இன்னொன்று வெளிநாட்டில் எம்.எஸ். என்ற முதுகலைப் படிப்பு. முன்பெல்லாம் எம்.எஸ். என்றாலே அமெரிக்காதான். இப்போது அதே வகுப்பில் ஜெர்மனிக்கும் கணிசமான பேர் கைதூக்குகிறார்கள். நாடு முழுக்க இதே நிலைதான். 2023-24இல் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டின் குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் 49,000க்கு மேல். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களுக்குத்தான் முதலிடம்.

வேலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: படித்து முடித்து ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை என்றால் உன் வீட்டில் என்ன நடக்கும்? வேலை கிடைத்தால் வாழ்க்கை எப்படி மாறும் என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் என்ன என்பதில்தான் இந்த இரண்டு நாடுகளுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால் அந்தக் கேள்வியை வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

பத்திரத்திலிருந்து தொடங்குவோம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்ததும் ஐ-20 என்ற படிவம் வரும். ஓராண்டுக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, கீழே கூட்டுத்தொகை இருக்கும். அந்த அளவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் படிவமே கைக்கு வரும். விசா நேர்காணலிலும் அதைத்தான் கேட்பார்கள். அந்தத் தொகை 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய் என்றால் 36 லட்சம். இரண்டு வருடத்துக்கு 72 லட்சம். சேமிப்பு, நகை, வளாகத்துக்குள் பகுதிநேர வேலை என்று எப்படிக் குறைத்தாலும் 50 லட்சம் கடனில் வந்து நிற்கும்.

அந்த அளவு கடனுக்கு அரசு வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும். பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் வேண்டும். சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ அங்கீகாரம் பெற்ற மனையில் கட்டிய வீடென்றால் வேலை சீக்கிரம் முடியும். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் விவசாய நிலம் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நிலம் அநேகமாகக் கைகொடுக்காது. பாகப்பிரிவினை ஆகாத வீடென்றால் சித்தப்பா, அத்தை எல்லாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அடமானமில்லாமல் கொடுக்கும் தனியார் நிதி நிறுவனங்களும் உண்டு, ஆனால் வட்டி கூடுதல். ஒரு மாணவியின் அப்பா என்னிடம், "சார், பத்திரத்தைக் கொடுத்துடறேன், திரும்பி வந்துடுமில்ல?" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்வதைவிட, போடவிருந்த கணக்கே சொல்லட்டும் என்று பேப்பரை எடுத்தேன்.

50 லட்சம், 10.5 சதவீத வட்டி, 10 வருடம். மாதத் தவணை சுமார் 67,500 ரூபாய். படிக்கும் காலத்தில் வட்டியைக் கட்டாமல் விட்டால் இன்னும் ஏறும். முழுத்தொகையும் எடுத்த பிறகு வட்டி மட்டுமே வருடத்துக்கு 5.25 லட்சம். டாலரில் சம்பளம் வந்தால் இது பெரிய சுமையே இல்லை. மூன்று நான்கு வருடத்தில் அடைத்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பி சிப்காட்டிலோ ஓ.எம்.ஆரிலோ வேலைக்குச் சேரும் பிள்ளையால் மாதம் 67,500 கட்ட முடியுமா? கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும்தான். பதிலுக்கு, வாழ்க்கைச் செலவுக்கென்று வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். யூரோ 100 ரூபாய் என்றால் சுமார் 12 லட்சம். நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய், விசா, விமானம், முதல் மாத முன்பணம் எல்லாம் சேர்த்து 15 லட்சம் கடன் வாங்கினால் முதல் வருடத்தைத் தாண்டலாம். அதே வட்டி, அதே 10 வருடம் என்றால் தவணை சுமார் 20,000. வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினாலும் இதைக் கட்டிவிட முடியும். இரண்டாம் வருடத்துக்குப் பகுதிநேர வேலை உதவும்: 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அமெரிக்காவில் முதல் வருடம் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யவே கூடாது. உள்ளேயும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான்.

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற வாக்கியத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூவே இருக்கும் பாடன்-வ்யூட்டம்பர்க் மாநிலம் 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கட்டணம் வைத்துவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணமோ முழுசாக வேறு கதை. பல கன்சல்டன்சிகளின் வருமானம் பல்கலைக்கழகம் கொடுக்கும் கமிஷன்தான். அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கமிஷன் கிடையாது என்பதால் தனியாரைக் கைகாட்டுவார்கள். பெயரைப் பார்த்து மயங்காமல், டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் பாடப்பிரிவுத் தளத்தில் நீங்களே தேடுங்கள். கட்டணம், மொழி, கடைசித் தேதி மூன்றும் அங்கே இருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தகவல் அதில் எதுவும் இல்லை.

உள்ளே நுழைவது

ஜெர்மனிக்காரர்கள் மதிப்பெண்ணைத் தலைகீழாகப் பார்ப்பவர்கள். 1 மிகச் சிறப்பு, 4 தேர்ச்சி எல்லை. நம் சிஜிபிஏவை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி 1ஐக் கூட்ட வேண்டும். 10க்கு 5 தேர்ச்சி என்றால், 8.0 வைத்திருக்கும் பிள்ளைக்கு 2.2 வரும். 7.0 என்றால் 2.8. பல பாடப்பிரிவுகள் 2.5க்குள் கேட்கும், அதாவது நம் கணக்கில் 7.5. இதைவிடக் கறாரானது பாடப் பொருத்தம். இளங்கலையில் கணிதம் இத்தனை கிரெடிட், கட்டுப்பாட்டுப் பொறியியல் இத்தனை என்று கேட்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு டேட்டா சயன்ஸுக்குப் போட்டால் அநேகமாக நிராகரிப்புக் கடிதம்தான் வரும், சிஜிபிஏ 9 இருந்தாலும். பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் விண்ணப்பம்: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30 யூரோ. 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்று இல்லாமல் இந்திய மாணவர் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அது வரத் தாமதமாகலாம் என்பதால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

அமெரிக்கா இந்த விஷயத்தில் தாராளம், துறை மாறுவதற்கும் வழி விடும். 7.2 வைத்திருந்தாலும் நல்ல புராஜெக்ட், வேலை அனுபவம், தெளிவான நோக்க அறிக்கை இருந்தால் உருப்படியான இடம் கிடைக்கும். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் எழுதுவது இன்னும் லாபம்தான். விண்ணப்பக் கட்டணம்தான் கடிக்கும். பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் 50இலிருந்து 120 டாலர் வரை ஆகும். எட்டு இடத்துக்குப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கா பெரும்பாலும் மூன்று கேட்கும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, "சார், டிராஃப்ட் ரெடி, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று நீட்டுகிறார்கள். மூன்று ஆசிரியருக்கும் ஒரே பிள்ளை எழுதிய ஒரே நடை. படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்பதால் ஒரு பயனும் இல்லை. எந்தப் புராஜெக்ட்டில் எந்த மோட்டார் சூடேறியது, இந்தப் பெண் அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு வரி இருந்தால் கடிதத்துக்கு உயிர் வரும். அதற்கு ஆசிரியருக்கு ஒரு மாதம் கொடுங்கள், உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டையும் கூடவே கொடுங்கள். ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையே பதியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் சொந்த ஜிமெயிலை ஏற்பதில்லை.

விசா இரண்டுக்கும் சென்னைதான். அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில். நேர்காணல் சில நிமிடம்தான், அதற்குள் முடிவு தெரிந்துவிடும். 185 டாலர் விசா கட்டணமும் மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணமும் அதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். 2025 ஜூனிலிருந்து சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். ஜெர்மன் விசாவில் ஆவணங்கள்தான் பேசும்.

படித்து முடித்த மறுநாள்

அமெரிக்காவில் படிப்புக்குப் பிறகு 12 மாதம் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி. பொறியியல், கணினி போன்ற துறைகளுக்கு இன்னும் 24 மாதம். மொத்தம் மூன்று வருடம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150. அதற்குள் வேலை அமையாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான், கடன் 50 லட்சமோ 5 லட்சமோ. வேலை கிடைத்த பிறகும் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலைத் தாண்டியாக வேண்டும்: வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததும் வேலூரில் எத்தனையோ வீடுகளில் தூக்கம் போனது. அங்கேயே படித்து மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் பத்திரத்தை அடகு வைத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஓர் அறிவிப்பே போதும்.

ஜெர்மனியில் பட்டம் வாங்கியதும் 18 மாதம் வேலை தேட அனுமதி. 90 நாள் கெடு மாதிரி எதுவும் இல்லை, அந்தக் காலத்தில் கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவலாம். இங்கே முட்டுக்கட்டை மொழிதான். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், வேலை ஜெர்மனில் இருக்கும். ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலைத் தேர்ச்சி இல்லாமல் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் வேலைக்கு அலைந்து நொந்தவர்கள் நிறைய. அப்புறம் தேர்வு. பல பாடங்களில் இரண்டு அல்லது மூன்று வாய்ப்புதான். கடைசியிலும் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. நம்மூர் அரியர் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. நான்கு பருவப் படிப்பை ஐந்து, ஆறு பருவத்தில் முடிப்பது அங்கே சாதாரணம், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே கடன் வாங்கித்தான் போக வேண்டும், வீடு ஒன்றுதான் சொத்து என்ற குடும்பத்துக்கு என் தீர்ப்பு ஜெர்மனி. அதுவும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரிக்கல் என்றால் யோசிக்கவே வேண்டாம். அப்பா ராணிப்பேட்டை பெல் (BHEL) நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்று, கையில் பணமும் இருக்கிறது, பிள்ளை கணினித் துறையில் கெட்டி என்றால் அமெரிக்காவை மறுக்க மாட்டேன். அங்கே கிடைக்கும் சம்பளத்துக்கும் வாய்ப்புக்கும் ஜெர்மனி ஈடாகாது.

ஆராய்ச்சிதான் லட்சியம் என்பவர்களுக்குக் கணக்கே தலைகீழ். அமெரிக்காவில் பொறியியல், அறிவியல் பிஎச்.டி.க்கு நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன. இளங்கலை முடித்ததுமே நேரடியாகச் சேரலாம். ஜெர்மனியில் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும். எம்.எஸ்.க்கு 50 லட்சம் கேட்கும் அதே பல்கலைக்கழகம் பிஎச்.டி. மாணவருக்குக் காசு கொடுத்து வரவேற்கும். நம் பிள்ளைகளில் இதைத் தெரிந்து விண்ணப்பிப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிரிட்டனை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். ஒரே வருடப் படிப்பு, நேரம் மிச்சம். படிப்புக்குப் பின் தங்கும் காலம் இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அப்படித்தான். கடன் வாங்கிப் போவதற்கு நான் ஊக்கம் கொடுக்க மாட்டேன், ஒரு விலக்கைத் தவிர. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் குடும்பத்துக்குத் தோல் தொழில் இருந்தால் நார்த்தாம்டன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். தோல் தொழில்நுட்பத்துக்கென்றே தனி நிறுவனமும், தோல் பதனிடும் கூடமும் வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து சொந்தத் தொழிலில் நிற்பவருக்கு விசா மாதக் கணக்கே தேவையில்லை.

இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டால், தாராளமாக. காலண்டர் ஒன்றோடொன்று மோதாது. அமெரிக்காவில் ஆகஸ்ட் சேர்க்கைக்குக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும், பதில் மார்ச்சுக்குள் வரத் தொடங்கும். உதவித்தொகையோடு வரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தர வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. அவசரப்படுத்தினால் அதைச் சொல்லலாம். ஜெர்மனியின் அக்டோபர் சேர்க்கைக்கு மார்ச்சில் தொடங்கி மே 31, ஜூலை 15 வரை தேதிகள் ஓடும். இறுதிப் பருவ முடிவு தாமதமானால் அந்த வருடம் ஜெர்மனி கைநழுவலாம். அப்படி ஆனால் ஒரு வருடம் இங்கே வேலைக்குப் போய்க்கொண்டே ஜெர்மன் பி1 வரை முடித்துவிடுங்கள். ஜெர்மன் மொழி கற்றுத் தரும் சென்னை கோத்தே நிலையத்துக்குக் காட்பாடியில் ரயிலேறினால் இரண்டு மணி நேரம், இணையவழி வகுப்பும் உண்டு. ஐரோப்பாவுக்குச் செருப்பும் ஷூவும் அனுப்பும் நம்மூர் ஏற்றுமதி அலுவலகங்களில் அந்த மொழிக்கு மதிப்பு இருக்கிறது, விசா வந்தாலும் வராவிட்டாலும்.