அமெரிக்கப் படிப்புக்கு ஆலோசனை: கொள்ளுப்பிட்டி எஜுகேஷன் யூஎஸ்ஏயும் வெள்ளவத்தை ஏஜென்சியும்

அமெரிக்காவில் இளமாணிப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் கொழும்பு கொள்ளுப்பிட்டி அப்துல் கஃபூர் மாவத்தையில் இருக்கும் ஃபுல்பிரைட் ஆணைக்குழுதான். எஜுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனை நிலையம் அங்கேதான் இருக்கிறது, காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம். என் தங்கச்சிக்கு இந்த வருடம் மூன்று கல்லூரிகள் இடம் கொடுத்தன, மூன்றிலும் புலமைப்பரிசில் உண்டு. எதை எடுப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அதனால் இங்கேயும் போனோம், வெள்ளவத்தையில் ஒரு ஏஜென்சிக்கும் போனோம். இரண்டையும் பார்த்ததால் எழுதுகிறேன்.

ஏஜென்சியில் நல்ல உபசரிப்பு, ஏசி அறை, தேத்தண்ணீர் எல்லாம் வந்தது. அங்கிருந்த அண்ணா கடிதங்களை வாங்கி ஒன்றை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "முப்பதாயிரம் டொலர் ஸ்கொலர்ஷிப் தந்திருக்கிறார்கள், இதை விடாதீர்கள், இண்டைக்கே டெபொசிட்டைக் கட்டுங்கோ, பிறகு சீட் போயிடும்" என்றார். கடிதத்திலோ மே 1 வரை நேரம் இருக்கிறது என்று தெளிவாகப் போட்டிருந்தது. மற்ற இரண்டு கடிதங்களையும் அவர் திறந்தே பார்க்கவில்லை. அதைவிட எனக்குக் கோபம் வந்தது, பக்கத்து மேசையில் அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்த ஒரு அம்மாவுக்கு அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான். நிதி உதவி தேவையில்லை என்று போடுங்கள், உள்ளே போன பிறகு கேட்டு வாங்கலாம் என்றார்கள். விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு தரமாட்டோம் என்று பல கல்லூரிகள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அந்த அம்மா இதை நம்பிப் பிள்ளையை அனுப்பினால் இரண்டாம் வருடம் காணியை விற்க வேண்டி வரும்.

ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்றால், ஏஜென்சிகள் பலவற்றுக்குக் கல்லூரிகளிடமிருந்து கொமிஷன் வருகிறது, பிள்ளை சேர்ந்தால்தான் அந்தக் காசு. எல்லா ஏஜென்சியும் மோசம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் யார் கொமிஷன் கொடுக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். எஜுகேஷன் யூஎஸ்ஏ அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் வலையமைப்பு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான், அந்த வித்தியாசம் கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கே எங்களோடு பேசிய மிஸ் புலமைப்பரிசில் தொகையை முதலில் பார்க்கவே இல்லை. ஒரு தாளில் கோடு போட்டு, படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, புத்தகம், விமான டிக்கெட் என்று எழுதி, ஒவ்வொரு கல்லூரிக்கும் வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கழிந்து போவது எவ்வளவு, நீங்கள் கையிலிருந்து கட்டுவது எவ்வளவு என்று தங்கச்சியைக் கொண்டே நிரப்ப வைத்தார். ஏஜென்சி விடாதே என்று சொன்ன கல்லூரியின் மொத்தச் செலவு 68,000 டொலர், முப்பதாயிரம் போக மீதி 38,000. டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஒரு கோடியே 14 இலட்சம். எங்கள் பக்கம் யாரும் முழுதாக வாசிக்காமல் விட்ட மூன்றாவது கடிதம் ஒரு சின்னக் கல்லூரியுடையது, மொத்தச் செலவு 80,000, பார்த்தவுடனேயே பயந்து ஒதுக்கி வைத்திருந்தோம். ஆனால் அவர்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்து 70,000 தந்திருக்கிறார்கள், மீதி 10,000 மட்டும்.

பிறகு கடிதங்களின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். முப்பதாயிரம் தந்த கல்லூரி அதில் சின்ன எழுத்தில், ஒவ்வொரு வருடமும் ஜிபிஏ, அதாவது பாடங்களின் சராசரிப் புள்ளி, 3.5க்குக் குறையக் கூடாது என்று போட்டிருந்தது. குறைந்தால் முழுத் தொகையும் போய்விடும். அத்தோடு அந்த முப்பதாயிரம் நான்கு வருடமும் கூடாமல் அப்படியே நிற்கும், கட்டணமோ வருடா வருடம் ஏறும். வருடத்துக்கு 4 வீதம் ஏறினால், 1,52,000 டொலர் என்று நாங்கள் போட்ட நான்கு வருடக் கணக்கு கிட்டத்தட்ட 1,69,000 ஆகிறது. சின்னக் கல்லூரியின் பக்கத்திலும் ஒரு குறை காட்டினார்: மீதிப் பத்தாயிரத்தைக் கட்ட உதவும் என்று கம்பஸ் வேலைச் சம்பளத்தையும் எழுதியிருந்தார்கள். அது செய்த மணித்தியாலத்துக்குக் கையில் வருகிற காசு, தவணை தொடக்கத்தில் வரும் பில்லில் கழியாது. தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவும் முடியாது.

ரூபாயைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 அளவில் இருந்தது, மே மாதமாகும்போது 360. அதே 38,000 டொலர் 76 இலட்சத்திலிருந்து ஒரு கோடி 37 இலட்சத்துக்குப் போயிருக்கும், கல்லூரி ஒரு சதம்கூடக் கூட்டாமலே. அந்த நேரம் படிப்பை நிறுத்திவிட்டு வந்த பிள்ளைகள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதனால் கையிலிருந்து கட்டும் டொலர் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு நல்லது, கல்லூரியின் பெயர் பிறகுதான் என்பது என் கருத்து.

அப்பா மகாபொல உதவித்தொகை எடுத்துப் பேராதனையில் படித்தவர், மாதாமாதம் கையில் வந்த காசு. அவருக்கு இது விளங்க நேரமெடுத்தது. அமெரிக்காவில் மெரிட், அதாவது திறமைக்கு, என்று தருவதில் பெரும்பகுதி கட்டணத்தில் போடும் கழிவு, காசாகக் கையில் எதுவும் வராது.

அடுத்த வருடம் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பலரும் பேசும் ஃபாஃப்ஸா என்ற அமெரிக்க அரச நிதி உதவிப் படிவம் அமெரிக்கக் குடியுரிமை, நிரந்தர வதிவிடம் போன்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான், நமக்குப் பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற குடும்ப நிதி விபரப் படிவம் அல்லது கல்லூரியின் சொந்தப் படிவம். அப்புறம், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் மட்டுமே வெளிநாட்டுப் பிள்ளையின் வசதியைப் பார்க்காமல் தெரிவு செய்து, தேவையான முழுவதையும் கொடுக்கின்றன. மற்றப் பெரும்பாலான இடங்களில் உதவி கேட்டால் இடம் கிடைப்பது கொஞ்சம் கடினமாகும். அப்படியிருந்தும் உண்மையைப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

நிலையத்தில் உங்களுக்காகக் கட்டுரை எழுதித் தரமாட்டார்கள், இதை எடு என்று முடிவும் சொல்லமாட்டார்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியா பற்றிக் கேட்பதானால் வேறு இடம் பார்க்க வேண்டும். நாங்கள் பெற்ற ஆலோசனைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. நேரம் எடுத்துக்கொண்டு போங்கள், கடிதங்களின் எல்லாப் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போங்கள்.

உதவி போதாது என்றால் கல்லூரிக்கு எழுதிக் கேட்கலாம், அப்பா ஓய்வு பெற்றது போன்ற மாற்றம் இருந்தால் அத்தாட்சியோடு அனுப்ப வேண்டும். கடிதங்கள் வருவது பெரும்பாலும் மார்ச் கடைசியில், பதில் மே 1க்குள், இடையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பே வெறிச்சோடிவிடும். வங்கிக் கடிதம், சம்பளக் கடிதம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.