‘பீப்’ சத்தத்தோடு போன 4,248 ரூபாய்

ரோலர் கோஸ்டரில் ஏறாமலேயே ஏறியதாகக் கணக்கெழுத முடியும் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பூங்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, புதிய ரோலர் கோஸ்டரின் படத்தை வழியெங்கும் தட்டி கட்டி விளம்பரப்படுத்தும் ஒரு கேளிக்கைப் பூங்கா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், ‘விரைவு வரிசை’ டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், பத்தாம் வகுப்புக்குப் போகும் மகன், பதினொரு வயது மகள். நுழைவு டிக்கெட்டை முந்தின நாள் இரவே இணையத்தில் எடுத்தோம். பணம் கட்டும் பக்கத்துக்குப் போகுமுன் இன்னொரு பக்கம் திறந்தது. புதிய ரோலர் கோஸ்டருக்கு மட்டும், ஒரே ஒரு முறைக்கு, விரைவு வரிசை. ஆளுக்கு 900 ரூபாய். ‘சேர்த்துக்கொள்கிறேன்’ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய பொத்தான். அதன் கீழே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினால் மட்டும் தெரிகிற சாம்பல் எழுத்தில், ‘வேண்டாம், வெயிலில் காத்திருக்கிறேன்’. பக்கத்தில் ‘இன்னும் 7 மட்டுமே’ என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கை எடுத்த பிறகு மகன் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தான். அப்போதும் 7தான். பணம் கட்டும் இடத்தில் 18 சதவீத வரி வந்து சேர்ந்தது. நான்கு பேருக்கு 3,600 என்று நினைத்தது 4,248 ஆயிற்று.

இந்த மூன்றுக்கும், அதாவது இல்லாத அவசரத்தைக் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, விலையைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. எங்கள் ஒரு டிக்கெட்டிலேயே மூன்றைப் பார்த்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை. ரோலர் கோஸ்டர் வாசலில் இரண்டு வழிகள். பொது வரிசைப் பலகையில் ‘90 நிமிடம்’. விரைவு வரிசைக்குப் பலகையே இல்லை. வாசலில் ஒரு பையன் கையடக்க ஸ்கேனருடன் நின்றான். நான் போனை நீட்டினேன். பீப், பீப், பீப், பீப். “உள்ளே போங்கள் மேடம்” என்றான். பொது வரிசையில் வியர்த்து நின்றவர்களைக் கடந்து போகும்போது எனக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கர்வம் இருபது அடிகூடத் தாங்கவில்லை. முதல் திருப்பத்திலேயே எங்கள் வரிசை தெரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, பாம்பு போல் வளைந்து வளைந்து, குறைந்தது இருநூறு பேர். எல்லாரும் 900 கொடுத்த மகராசர்கள்.

மகனுக்கு இந்த இயந்திரங்களின் மேல் பைத்தியம். நிற்கிற நேரத்தில் போனில் நேரத்தை அளந்து, என் கைப்பையிலிருந்த மளிகைச் சீட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தான். ஒரு ரயிலுக்கு 24 இருக்கைகள். ஒரு ரயில் கிளம்பி அடுத்தது கிளம்ப நான்கு நிமிடம். அதில் 16 இடம் விரைவு வரிசைக்கு, 8 இடம் பொது வரிசைக்கு. “இருநூறை 16ஆல் வகுத்தால் பன்னிரண்டரை ரயில். நான்கால் பெருக்கினால் 50 நிமிடம் அம்மா” என்றான். 50 நிமிடம்தான் ஆயிற்று.

அப்போது அவன் காட்டிய இன்னொன்று, இதை எழுதுவதற்கே காரணம் என்று சொல்லலாம். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ரயில் தார்ப்பாய் போர்த்தப்பட்டுத் தனியே நின்றது. ரோலர் கோஸ்டர் பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்களாம். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்ததை உள்ளே விடாதபடி பிரேக்கும் சென்சாரும் பார்த்துக்கொள்ளும். அதனால் இரண்டு ரயில் ஓடினால், ஒன்றில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே மற்றது சுற்றிவிட்டு வரும். காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அன்றைக்கு ஒன்றுதான் ஓடியது. ஒரு ரயில்தான் ஓடும் என்று தெரிந்த நாளில், எத்தனை பேருக்கு விரைவு டிக்கெட் விற்கலாம் என்ற கணக்கு விற்றவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

நம் கோயில்களில் திருவிழா நாளில் சிறப்பு தரிசன டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. 100 ரூபாய் வரிசையும் தர்ம தரிசன வரிசையும் ஒரே வேகத்தில் நகரும். சிலசமயம் தர்ம தரிசனத்தில் போன பக்கத்து வீட்டுக்காரர் நமக்கு முன்னால் திருநீறு பூசிக்கொண்டு வெளியே நிற்பார். ஆனால் கோயிலில் எப்படியும் சாமியைப் பார்த்துவிடுகிறோம்.

மேடை ஏறியதும்தான் அடுத்த அடி. ஏறும் இடத்துக்கு முன்னால் உயரம் அளக்கும் கம்பம். 140 சென்டிமீட்டர் இருந்தால்தான் அனுமதி. “செருப்பைக் கழற்று பாப்பா” என்றார் அங்கிருந்த பெண். மகள் கழற்றினாள். முதுகைக் கம்பத்தோடு ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். அந்தப் பெண் அவளுடைய கொண்டையை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். 137. குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு வாரை மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம்.

உயர விதியில் தவறே இல்லை. தோள்பட்டைக் காப்பு சரியாகப் பொருந்தாத குழந்தையை ஏற்றக் கூடாது. என் கேள்வி, அந்தக் கம்பத்தை ஏன் ஸ்கேன் செய்த வாசலில் வைக்கவில்லை என்பதுதான். டிக்கெட் விற்ற பக்கத்தில் வயதைக் கேட்டார்கள், உயரத்தைக் கேட்கவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன்: ‘பாதுகாப்பு விதிமுறைகள்’ என்ற வேறொரு பக்கத்தில் கீழே, கீழே, இன்னும் கீழே 140 என்று இருந்தது.

நான் மகளோடு வெளியேறும் வழியில் ஒதுங்கினேன். கணவரும் மகனும் முன்வரிசைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். அடுத்த ரயில் அவர்களுடையது. அந்த ரயில் திரும்பி வந்தது, நிலையத்துக்குச் சற்று முன்னால் பிரேக்கில் நின்றது, நின்றபடியே இருந்தது. பத்து நிமிடம் கழித்து, அதில் இருந்தவர்களைப் பக்கவாட்டுப் படி வழியாக இறக்கினார்கள். ‘தொழில்நுட்பக் காரணத்தால் இந்தச் சவாரி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது, அனைவரும் கீழே இறங்கவும்’ என்று ஒலிபெருக்கி. சந்தேகம் வந்ததும் நிறுத்தினார்கள் பாருங்கள், அதற்கு நன்றி. இயந்திரம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது.

வாடிக்கையாளர் சேவை மேசையில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர். என் முறை வந்தபோது அங்கிருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது.

“நான்கு டிக்கெட்டும் பயன்படுத்தப்பட்டதாகக் காட்டுகிறது மேடம்.”

“நாங்கள் ஏறவே இல்லையேம்மா.”

“வரிசைக்குள் போய்விட்டீர்களே மேடம். ஸ்கேன் ஆனால் பயன்படுத்தியதாகத்தான் அர்த்தம்.”

“அப்படியானால் நான் 900 ரூபாய்க்கு எதை வாங்கினேன்?”

அவள் சங்கடத்தோடு திரையைப் பார்த்தாள். “வரிசையைத்தான் மேடம்.”

அவள்மேல் கோபம் வரவில்லை. அன்று முழுவதும் எங்களிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். மேலாளர் வந்தார். சவாரி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம் என்று விதியில் இருப்பதாகச் சொன்னார். விரைவு வரிசைப் பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று டிக்கெட்டின் கடைசி வரியைக் காட்டினார். கடைசியில், பெரிய மனது வைத்து, 200 ரூபாய்க்கு ஒரு சிற்றுண்டிக் கூப்பன் நீட்டினார். அந்தப் பூங்காவில் 200 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். வாங்கவில்லை. வாங்கினால் ‘இழப்பீடு பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நீங்களும் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

நான்கரை மணிக்கு ரோலர் கோஸ்டர் மறுபடி ஓடத் தொடங்கியது, தார்ப்பாய் விலக்கப்பட்டு, இரண்டு ரயிலோடு. விரைவு வாசலில் எங்கள் டிக்கெட்டை ஸ்கேன் செய்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. பொது வரிசையில் நின்றோம். 35 நிமிடம்! காசு கொடுத்து நின்றதைவிட 15 நிமிடம் குறைவு. கணவர் மகளோடு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட, நானும் மகனும் ஏறினோம். சங்கிலி மேலே இழுக்கும்போது ‘டக், டக், டக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் சரியாமல் பல்லில் மாட்டி நிற்கும் ஏற்பாட்டின் சத்தம் அது என்றான். ஆறுதலுக்குச் சொன்னானா, பயமுறுத்தச் சொன்னானா தெரியவில்லை. உச்சியில் அந்தச் சத்தம் நின்ற கணம் வயிறு தனியாகப் பிரிந்து போனது. ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. சவாரி அருமை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்கள் 1999இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ கொண்டுவந்தபோது அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றும், 2021இல்தான் அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள் என்றும் மகன் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். இலவசமாக இருந்தபோது அது கூட்டத்தைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு. விலை வைத்த பிறகு, பொது வரிசை எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஆகிவிடுகிறது.

போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது: விரைவு டிக்கெட்டை முந்தின நாளே வாங்காதீர்கள். ‘இன்னும் 7’ எங்கும் போய்விடாது. உள்ளே போய், ரோலர் கோஸ்டர் எதிரே ஐந்து நிமிடம் நின்று, எத்தனை ரயில் ஓடுகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது என்று பாருங்கள். விரைவு வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் போனை நீட்டாதீர்கள். பீப் சத்தம் வந்தபிறகு எல்லாம் அவர்கள் பக்கம். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே, வெறுங்காலோடு அளந்துவிடுங்கள். சவாரியை நிறுத்தினால் அறிவிப்புப் பலகையை மணியோடு படம் எடுங்கள். நான் எடுத்தேன், அது ஒன்றுதான் இப்போது என்னிடம் உருப்படியாக இருக்கிறது.

அன்றிரவே பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் 1915க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்து, பூங்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். அது நீதிமன்றம் அல்ல, ஆனால் அதன் கடிதத்துக்கு நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. ஒன்பதாம் நாள் மகளுடைய 1,062 ரூபாய் மட்டும் வங்கிக் கணக்கில் வந்தது. மீதி 3,186க்கு, ‘டிக்கெட் பயன்படுத்தப்பட்டுவிட்டது’ என்ற அதே பாட்டு.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 3,186 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கணவர் கேட்கிறார். அந்த மேசைக்கு முன்னால் நின்ற முப்பது பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றேன்.

30 நாள் நேற்றோடு முடிந்தது. மனுவை எழுதி முடித்துவிட்டேன். இணைப்பு ஒன்று, டிக்கெட். இணைப்பு இரண்டு, அறிவிப்புப் பலகையின் படம். இணைப்பு மூன்று, மகன் நேரம் எழுதிய மளிகை நோட்டுத் தாள். அதன் பின்பக்கம் துவரம் பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ என்று இருக்கிறது. அதை அடிக்காமல் அப்படியே நகல் எடுத்திருக்கிறேன்.