உறைபனிக்கு முன்னால் சோலார் மோட்டார்: கேத்தியில் மூன்று ஆண்டு அனுபவம்

உறைபனி விழுந்த காலையில் கேரட் இலைமேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை வெயில் படுவதற்குள் கழுவிவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் இலை கருகிவிடும். ஆகவே ஸ்பிரிங்க்ளர் ஐந்தரை மணிக்கே ஓட வேண்டும். அந்த நேரத்தில் சோலார் மோட்டார் தூங்கிக்கொண்டிருக்கும். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். கேரட், பீட்ரூட், இடையில் பூண்டு. கிணறு கீழ்க்கோடியில். இலவச மின்சாரத்துக்கு மனு கொடுத்துக் காத்திருந்த காலமெல்லாம் 5 எச்பி டீசல் இன்ஜின்தான். மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். 2021 அக்டோபரில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியது. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை சரிந்த வாரங்களில், கேனைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போதே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

2023 ஜனவரியில், சோலார் மோட்டாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில், வேளாண் பொறியியல் துறை வழியாக, 60 சதவீத மானியத்தில் 3 எச்பி மோட்டார் போட்டோம். 335 வாட் பேனல் ஒன்பது. என் பங்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.

மலையில் வெயில் போதாது என்று பலரும் பயமுறுத்தினார்கள். பாதிதான் உண்மை. பேனல் சூடேறினால் மின்சாரம் குறையும். குளிர்ந்த காற்றும் தெளிந்த வானமும் சேர்ந்த பிப்ரவரியில் இங்கே அது நன்றாகவே உழைக்கிறது. ஜூன், ஜூலை மூட்டத்தில் படுத்துவிடும்தான். அப்போது மழை பெய்கிறது, தண்ணீர் யாருக்கு வேண்டும்? உண்மையான தொல்லை மேகம் வந்து வந்து போகும் நாட்களில்தான். மோட்டார் நின்று நின்று ஓடும், ஸ்பிரிங்க்ளர் தலை சுற்றாமல் ஒரே இடத்தில் ஒழுகும்.

முதல் உறைபனிக்குப் பழைய இன்ஜினைத்தான் கிளப்பினேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்தது. அன்றுதான் புத்தி வந்தது. 2024 கோடையில் தோட்டத்துக்கு மேலே, 25 மீட்டர் உயரத்தில், ஐயாயிரம் லிட்டர் டேங்க் இரண்டு வைத்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவற்றை உருட்டிக்கொண்டு போனது தனிக் கதை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மினி ஸ்பிரிங்க்ளருக்கு இரண்டு கிலோ போதும். பகலில் மோட்டார் டேங்கை நிரப்புகிறது. விடியலில் நான் வால்வை மட்டும் திறக்கிறேன். இருபது தலைகள் ஒரு மணி நேரம் சுற்றும். சத்தமே இல்லை, இலையில் தண்ணீர் விழுவதுதான் கேட்கும். பேட்டரி வாங்கச் சொன்னவர்களும் உண்டு. மலையையே பேட்டரியாக வைத்திருக்கிறவனுக்கு அது எதற்கு?

டேங்க், குழாய், கூலி எல்லாம் சேர்ந்து என் பங்குத் தொகையில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு எனக்கு மானியம் கிடைக்கவில்லை. விலை விசாரிக்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழுது என்று பார்த்தால் பெரியது ஒன்றுதான். பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டிவிட்டது. புகார் செய்து 23 நாள் கழித்துத்தான் கீழேயிருந்து மெக்கானிக் வந்தார், அதுவும் மார்ச் மாதத்தில். இப்போது கேபிள் நுழையும் துளையை மெழுகுவைத்து அடைத்திருக்கிறேன். பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும். விரலகலப் பாசி நிழல்கூட பேனல் வரிசையின் மின்சாரத்தைக் குறைத்துவிடும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். காட்டெருமை ஒன்று ஸ்டாண்டில் முதுகைச் சொறிந்துகொண்டதில் ஒரு கால் வளைந்தது. அதற்கு எந்த உத்தரவாதத்திலும் இடமில்லை.

போன குளிர்காலத்தில் இன்ஜின் நான்கு நாள்தான் ஓடியது. மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டு, டேங்க் நிரம்பாமல், நான்காம் நாள் வானம் திறந்து பனி கொட்டியபோது அது இல்லாமல் முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “சும்மாதானே கிடக்கிறது, எனக்குக் கொடுத்துவிடு தம்பி” என்று விலை கேட்டுக்கொண்டே இருக்கிறார். தரவில்லை. மாதம் ஒருமுறை கயிற்றை இழுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கிறேன்.