40 வருஷக் கல்யாணத்துக்கு அசனச் சாப்பாடு: பாளையங்கோட்டையில் ஒரு சமையல் காண்ட்ராக்ட் அனுபவம்

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5-க்கு மூன்றரை. சமையலுக்கு மட்டும் என்றால் நாலே முக்கால் போடுவேன், பரிமாற ஆள் அனுப்பாமல் மிச்சத்தை அவர்களே கெடுத்துக்கொண்டார்கள். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. சின்ன ஆட்கள், பிழைத்துப் போகட்டும்.

போன மே மாதம் எங்கள் நண்பர்களுக்கு 40-வது திருமண நாள். ரத்த சொந்தம் கிடையாது, ஆனால் 28 வருஷமாக அண்ணன், மதினி என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டு பேரும் ஸ்கூலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அண்ணன் சரித்திர வாத்தியார், அதனால் கல்யாணம் எப்போது என்று கேட்டால் 1985 என்று மட்டும் சொல்ல மாட்டார், "1785-ல குளோரிந்தா அம்மா இங்க கோயில் கட்டினாங்கல்ல, அதுக்குச் சரியா 200 வருஷம் கழிச்சு" என்றுதான் ஆரம்பிப்பார் (கோயில் என்றால் எங்கள் பேச்சில் சர்ச்). மதினி இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாரோ, அதற்குள் எழுந்து காப்பி போடப் போய்விடுவார்.

ஃபங்ஷனே வேண்டாம் என்றார்கள். நாங்கள் பத்துக் குடும்பம் சேர்ந்து, செலவு எங்களுது, நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்று பிடிவாதம் பிடித்தோம். காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம், சண்டை போட்டிருந்தாலும் நடக்கும். கோபத்தோடேயே உட்கார்ந்து, கோபத்தோடேயே மதினி பாட்டைத் தொடங்கி, மூன்றாவது சரணம் வருவதற்குள் குரல் இறங்கிவிடும். சூரியன் மறைவதற்குள் கோபம் தணியவேண்டும் என்றுதானே வேதத்தில் இருக்கிறது என்று ஒருநாள் கிண்டல் பண்ணினேன். "எங்க வீட்ல சூரியன் எட்டு மணிக்குத்தான் மறையும்" என்றார் மதினி.

2003-ல் ஒரு ஜாமீன் கையெழுத்து விவகாரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று மாதம் பேசாமல் இருந்தோம். எல்லோரும் புத்தி சொன்னார்கள், இவர்கள் சொல்லவில்லை. ஜெபத்துக்கு வாங்க என்று கூப்பிட்டார்கள், போனோம். மதினி எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். அலமாரியில் இன்னும் மூன்று புத்தகம் இருந்ததை நான் பார்த்தேன். அப்படி அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு சேர்ந்தவர்கள் எங்கள் பத்துக் குடும்பத்திலேயே இரண்டு மூன்று உண்டு, அதை அவர்களே எழுதட்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் ஊசிக்கோபுரம் சர்ச்சில் ஸ்தோத்திர ஆராதனை (1826-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில் என்று அண்ணன் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன்), மத்தியானம் பக்கத்து ஹாலில் சாப்பாடு. அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை, பிரியாணி கூடாது, அசனம் மாதிரி இருக்கவேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் சபைகளில் பண்டிகை என்றால் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற சோறும் கறிக்குழம்பும்தான் அசனம். பணக்காரன் ஏழை எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே வாளி.

மாஸ்டர் அதைப் புரிந்துகொண்டார். ஹோட்டல் மாதிரி எண்ணெய் மிதக்கிற கிரேவி இல்லை, தேங்காய் அரைத்துவிட்ட, சோற்றில் குழி பறித்து ஊற்றினால் ஓடுகிற குழம்பு. விறகு அடுப்பு. கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது, ஆனால் நார் நாராகப் பிரியவில்லை. அவியல் சுமார்தான், காய் கொஞ்சம் குழைந்துவிட்டது. பாயசத்தில் இனிப்பு தூக்கல்.

அசத்தியது சொதி, தேங்காய்ப்பாலில் காய் போட்டுச் செய்கிற எங்கள் ஊர்க் குழம்பு. அண்ணனோடு வேலை பார்த்த சைவக்காரர்கள் முப்பது பேர் வருவார்கள் என்று தனி வரிசைக்குச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் சொல்லியிருந்தோம். மே மாத வெயிலில் தேங்காய்ப்பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குப் பயம். மாஸ்டர் காலையில் காயை மட்டும் வேகவைத்து எடுத்துவைத்துவிட்டு, பதினோரு மணிக்கு மேல்தான் பாலே பிழிந்தார். முதல் பாலைக் கடைசியில் விட்டு, ஓரத்தில் லேசாக நுரை கட்டினதும் அண்டாவை இறக்கிவிட்டார், கொதிக்கவிடவில்லை. திரியவே இல்லை. என் வீட்டுக்காரர் கறிக்குழம்பு வரிசையிலிருந்து எழுந்து போய்ச் சொதி வாங்கிவந்தார், வெட்கமே இல்லாமல்.

இப்போது குறை. 260 இலைக்குப் பத்துப் பேர் பரிமாற வருவார்கள் என்றார்கள், வந்தது ஐந்து பேர். கேட்டால் வேறு ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டார்களாம். முதல் பந்தியில் 130 பேர், கடைசி வரிசையில் சோறு வைத்துக் குழம்புக்கு ஐந்து நிமிஷம் காத்திருக்கிறார்கள். எங்கள் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். நான் மோர் ஊற்றிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன், மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்க வேண்டிய அண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ரசவாளியோடு வருகிறார். பின்னாலேயே மதினி, பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பளக் கூடையோடு. "நீங்க குழம்பு வாளியத் தூக்காதீங்க, முதுகு வலிக்கும்" என்று அவருக்கு ஒரு அதட்டல் வேறு. போட்டோக்காரர் மேடையில் நூறு படம் எடுத்திருப்பார், எல்லோரும் இன்று வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது அந்த ரசவாளி படத்தைத்தான். அதற்காக காண்ட்ராக்ட்காரருக்கு மார்க் கூட்டிப்போட முடியுமா? நான் போடவில்லை.

கடைசியில் பரிமாறிய ஐந்து பேரும் சாப்பிடவில்லை என்று மதினிதான் கவனித்தார். உட்காரவைத்து இலை போட்டு, அவர்களுக்கு நாங்கள் பரிமாறினோம். மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. இலைக்கு 330 ரூபாய் பேச்சு, கணக்கு முடிக்கும்போது நாங்கள் கேட்காமலே 3,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் எங்களுக்கு 30-வது கல்யாண நாள். அதே மாஸ்டரிடம் முன்பணம் கொடுத்துவிட்டோம், அதே சொதி. இந்த முறை பரிமாறப் பத்துப் பேர் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.