குழாய்க்கிணறு அடிக்க லொறி வருகுதா? எந்த மெசின் என்று முதலில் கேளுங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வீட்டு வளவில் அண்மையில் நடந்தது இது. அடிக்கு இவ்வளவு என்று பேசி, லொறியில் பூட்டிய பெரிய மெசின் வந்தது. மத்தியானத்துக்குள் 140 அடி. காற்றடித்துக் காட்டியபோது தண்ணீர் கூரைக்கு மேலே எழும்பியது. வீட்டுக்காரர் முழுக்காசையும் கொடுத்துவிட்டார். மோட்டர் பூட்டி ஒரு மாதம் ஆகவில்லை, தேத்தண்ணியில் உவர் தெரிந்தது, கத்தரி இலையின் ஓரமெல்லாம் கருகியது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டதற்கு வந்த பதில்: "இன்னும் 60 அடி இறக்குவம் அண்ணை, உவரைத் தாண்டினால் நல்ல தண்ணி." அதற்கும் அடிக்கணக்கில் காசு.

பச்சைப் பொய். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர், அதைவிடப் பாரமான கடல் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கலாம் என்பது கணக்கு. அதுவும் ஏட்டுக்கணக்கு, இடையில் கலந்து நிற்கும் பகுதி அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு அடியும் உவரைத்தான் கூட்டும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் அடியில் உப்புத் தண்ணீரும் நிற்பது ஊரறிந்த விசயம்.

அந்த லொறி மெசின் கெட்டதல்ல. துளைக்கும் தண்டின் அடியில் ஹாமர் (சம்மட்டி) பூட்டி, அழுத்தக் காற்றால் குத்தி இறங்கும் மெசின் அது. வவுனியாப் பக்கத்துக் கருங்கல்லில் வெடிப்பைத் தேடி ஆழம் போக அதுதான் சரி. அங்கே ஆழத்துக்குப் பலன் இருக்கிறது. இங்கே சுண்ணாம்புக்கல்லில் ஒரு 10 அடி றொட் (துளைக்கும் தண்டு) சில நிமிடத்தில் இறங்கிவிடும். ஒவ்வொரு றொட்டுக்கும் நிறுத்தி, துளையை ஊதிச் சுத்தம் பண்ணி, வரும் தண்ணீரின் மின்கடத்துதிறனை (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) மீற்றரால் பார்க்க வேண்டும். அடிக்குக் காசு வாங்குபவர் நிறுத்துவாரா?

வீட்டுப் பாவனைக்கு நாங்கள் சொல்வது, சில்லுவண்டியில் வரும் சிறிய ஹாமர் மெசின், நாலரை அங்குல பிற் (துளைக்கும் முனை). ஆனால் இதிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. ஆறரை அங்குலத் துளை என்று காசு பேசிவிட்டு, றோட்டுக் கிண்டும் 185 சீ.எப்.எம். (நிமிடத்துக்கு 185 கன அடி காற்று) கொம்பிரசரோடு வருவார்கள். கல்லுத்தூள் மேலே வர, றொட்டைச் சுற்றிய இடைவெளியில் காற்று நிமிடத்துக்கு 3000 அடி வேகத்திலாவது ஓட வேண்டும். 3 அங்குல றொட்டோடு நாலரை அங்குலத் துளைக்கு 185 மட்டுமட்டாகக் காணும். ஆறரைக்கு 500க்கு மேல் வேண்டும். காணாவிட்டால் தூள் அடியில் படிந்து ஹாமர் இறுகும். குகையும் வெடிப்பும் உள்ள கல்லில் காற்று பக்கவாட்டில் ஓடிவிட்டால் இன்னும் மோசம். பிறகு "கல் கடினம்" என்று மேலதிகக் காசு கேட்பார்கள். கொம்பிரசரில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

தண்ணீர் விட்டுச் சுழன்று துளைக்கும் முக்காலி மெசினும் உண்டு. மெதுவானது, அது நல்லதுதான். ஆனால் குகையில் தண்ணீர் இறங்கிப் போனால் பென்ரனைற் என்ற, தண்ணீரில் ஊதிப் பருக்கும் களியைக் கரைத்து ஊற்றுவார்கள். அது ஊற்றுக்கண்ணையே அடைத்துவிடும், சம்மதிக்க வேண்டாம். மணற்காடு போன்ற மணல் தரையில் ஹாமர் எதற்கும் உதவாது, துளை இடிந்துவிடும். அங்கே கையால் இறக்கும் வடிகுழாயே (அடியில் சல்லடைபோல் ஓட்டையுள்ள குழாய்) போதும்.

துளை இடியாமல் உள்ளே இறக்கும் கேசிங் குழாயிலும் கவனம். 40 அடி என்று எழுதிவிட்டு 20 இறக்குவது வழமை. இறக்க முன் ஒவ்வொரு துண்டையும் நாடா பிடித்து அளவுங்கள். மேல்மண்ணைத் தாண்டி உறுதியான கல்லுக்குள் குழாய் இருக்க வேண்டும், சுற்றிவர சீமெந்துக் கரைசல் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மலசலகூடக் குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் நைத்திரேற்று நேரே இறங்கும். குடிநீரில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; உவரைக் காட்டும் குளோரைட்டுக்கு 250. காசின் ஒரு பகுதியை ஆய்வுகூட அறிக்கை வரும்வரை வைத்திருங்கள், இதை முதலே எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை முதலில் அளந்து வையுங்கள். அதைவிட மின்கடத்துதிறன் ஒன்றரை மடங்கானால் மெசினை நிறுத்தச் சொல்லுங்கள். வெட்டுக்கிணறு இருக்கிற வளவில் குழாய்க்கிணறே தேவையில்லை, அதைத் துப்பரவாக்கினாலே வீட்டுக்குத் தாராளம். குழாய்க்கிணறுதான் என்றால் சின்ன மோட்டர் போட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, ஆறுதலாக இறையுங்கள். பெரிய மோட்டர் உவரை மேலே இழுக்கும்.

ஏற்கெனவே உவரேறிய துளையை அப்படியே விடாதீர்கள், அயலவரின் கிணற்றுக்கும் அதுவே வழியாகும். சல்லி கொட்டி மூடித் தருகிறோம் என்பார்கள். சல்லிக்குள்ளால் தண்ணீர் ஓடும். அடிவரை சிறு குழாய் விட்டு, சீமெந்துக் கரைசலை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்ப வேண்டும். குகை குறுக்கிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் கல் போட்டு, களியால் அடைத்து, அதன்மேல் சீமெந்து. உவர்ப் பகுதி மூடியதும், நல்ல தண்ணீர் நிற்கும் பகுதிக்குக் கீழேயே நிறுத்தி, ஒரு கிழமை இறுகவிட்டு, பிறகு இறைத்து அளந்து பாருங்கள்.