சிலெப் கூரைக்குச் சீமெந்து வோட்டர்புரூஃப் பூச்சு: ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு

தூள் ஒரு பையிலும் பால் மாதிரித் திரவம் ஒரு கேனிலுமாக வருமே, அந்தச் சீமெந்து வோட்டர்புரூஃப் பூச்சைத்தான் கொட்டகலையில் எங்கள் வீட்டு சிலெப்புக்கு, அதாவது தட்டையான கொங்கிரீட் கூரைக்கு, பெப்ரவரியில் அடித்தோம். தென்மேற்குப் பருவமழை முழுதும் அதன் மேல் பெய்து ஓய்ந்துவிட்டது. மாமியின் அறையில் கட்டிலுக்கு மேலே வருஷா வருஷம் கறுத்துப் போகிற மூலை இந்தமுறை வெள்ளையாகவே இருக்கிறது. பல கம்பனிகள் இதை விற்கின்றன. மலைநாட்டில் சிலெப் வீடு வைத்திருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம்.

நம் பக்கத்துக்கு இது பொருந்துவதற்குக் காரணம் ஈரம்தான். பெயின்ட் போல அடிக்கும் அக்ரிலிக் பூச்சுக்கு சிலெப் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அடித்த பிறகும் வெயில் வேண்டும். இங்கே பின்னேரமானால் மூட்டம் இறங்கிவிடுகிறது. சீமெந்துப் பூச்சுக்கு சிலெப்பை நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்காமல் இருந்தால் போதும். காய்ந்த கொங்கிரீட் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு பிடிக்காமல் உதிரும். அதற்காக மழையில் அடிக்க முடியாது, அடித்த முதல் சில மணித்தியாலம் மழை படவே கூடாது. ஹட்டன், வட்டவளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு அந்த ஜனவரியிலேயே வடகீழ் மழை இருக்கும். அவர்கள் ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் இறங்கிய இடம் தூண் கம்பி. பிறகு மேல்மாடி எடுக்கலாம் என்று எல்லாரும் கம்பியை நீட்டி விட்டிருப்போம். அது துருப்பிடித்து ஊத, சுற்றியுள்ள கொங்கிரீட் மயிரளவு பிளக்கிறது; அந்த வழியில் தண்ணீர் உள்ளே போய் எங்கோ தள்ளி ஒழுகுகிறது. வெறும் பூச்சை மேலே தடவினால் அது நிற்காது. வேலைக்கு வந்த மேசன் பாஸ் கம்பியடியைக் கொத்தி, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிரவுட் என்கிற சுருங்காத சீமெந்துக் கலவையை ஊற்றி, சுற்றிலும் சின்ன மேடை கட்டிய பிறகுதான் பூச்சில் கை வைத்தார். மதில் சுவரும் சிலெப்பும் சேரும் மூலையையும் கலவையால் சரிவாக அடைத்து, வலை வைத்து, சுவரில் அரை அடி உயரம் வரை பூச்சை ஏற்றினார். இந்த வேலைக்குக் கொடுத்த கூலியைப் பெரிதாக நினைக்கவில்லை.

வாட்டமும் முக்கியம். நூறடிக்கு ஓரடி என்று பார்த்தால் இருபதடி சிலெப்புக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் சரிவு வேண்டும். குளம் கட்டுகிற இடத்தை முதலில் நிரவுங்கள்.

கலவையை டிரில்லில் கலக்கி தோசைமாவுப் பதத்துக்கு எடுத்தார்கள். அரை மணித்தியாலத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கினார்கள். இறுகுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் பூச்சு கெட்டுப்போகும். முதல் கை இறுகிய பிறகு இரண்டாம் கை குறுக்காக. இவ்வளவு கவனம் கேட்கிற சாமான், ஆனால் நாங்கள் வாங்கிய பையில் தமிழில் ஒரு வரி கூட இல்லை. தோட்டப்பக்கத்தில் இதை அடிக்கிற பாஸ்மாரில் எத்தனையோ பேர் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள். விற்கிறவர்கள் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

"அக்கா, தண்ணி கட்டிப் பாக்காம மிச்சக் காசு குடுக்காதீங்க" என்று பாஸே சொன்னார். பூச்சு நன்றாக இறுகிய பிறகு பீலிக்குப் போகும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. யார் வேலை செய்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

குறையும் உண்டு. நடமாட்டம் அதிகமான இடத்தில் பூச்சு தேயும். பூச்சாடியை இழுத்தால் கீறும். மேலே மிளகாய் காயப் போடுகிறவர்கள் அதன் மேல் மெல்லிய சாந்தோ டைல்ஸோ போட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்குப் பக்கத்தில் சவுக்கு மரங்கள், இலை உதிர்ந்து குழாய் வாயை அடைக்கும். மே மாதத்துக்கு முன் ஒருதரம் ஏறிக் கூட்டி, பாசியைத் தேய்த்துவிட வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்குகிற பெரிய வெடிப்பு இருக்கிற சிலெப்புக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். அங்கே இதுவும் சேர்ந்து வெடிக்கும், நெருப்பால் சூடாக்கி ஒட்டும் தார் ஷீட்தான் சரி.